நாலாயிரம் கட்சிக்காரர்கள், ஒரு வக்கீல்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் பதினோரு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். பெரும்பாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள், பாதிக்கப்பட்டவர் பக்கம். வழக்கை நடத்துவது பி.பி.தான், அதாவது அரசு வழக்கறிஞர். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். சில நாள் படிப்பார், சில நாள் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி வக்கீல் உண்டு, அவர் எழுந்து நின்று பேசலாம் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். உண்மையா? ஒரே வக்கீல் ஆயிரக்கணக்கானவர்களுக்காக எப்படிப் பேச முடியும்? பீஸ் யார் கொடுப்பார்கள்? என்னைப் போன்ற ஒருத்தி அங்கே போக வழி இருக்கிறதா?

அன்புள்ள வழக்கறிஞர் அவர்களுக்கு,

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் சில வருடம் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருந்தவன். நீங்கள் சொல்லும் சட்டைப்பை என்னிடமும் இருந்தது. சீட்டில் எழுதியிருந்த கேள்வி தப்பாக இருந்ததால் அல்ல. அன்றைய வழக்குப் பட்டியல் நீளம், சாட்சி பிறழாமல் கூண்டை விட்டு இறங்கினால் போதும் என்ற அவசரம். பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியதும் அரசுத் தரப்புக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஹேக்கில் நான் ஆஜரானதில்லை. அங்கே நடந்த வழக்குகளின் தீர்ப்புகளைப் பல வருடமாகப் படித்துவருகிறேன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 301-வது பிரிவு, புதிய சட்டத்தில் இப்போதைய 338-ன்படி பாதிக்கப்பட்டவரின் வக்கீல் பி.பி. சொல்படிதான் நடக்க வேண்டும். சாட்சியம் முடிந்த பிறகு அனுமதி வாங்கி எழுத்துமூல வாதம் கொடுக்கலாம். குறுக்கு விசாரணையும் வாய்மொழி வாதமும் அவருக்குக் கிடையாது என்று 2019-ல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீனிலும் தண்டனையிலும் நம் கட்சிக்காரர் சொல்வதையும் கேட்கச் சொல்லிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது.

ஹேக்கில் அந்தக் கதவு இன்னும் அகலம். ஆனால் கருத்தரங்குகளில் சொல்கிற அளவுக்கு இல்லை. நூரம்பர்க்கிலும், அப்புறம் 1990-களில் யூகோஸ்லாவியாவுக்கும் ருவாண்டாவுக்கும் அமைத்த தீர்ப்பாயங்களிலும் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. வந்தார், சொன்னார், போனார். 1998-ல் ரோமில் ஹேக் நீதிமன்றத்துக்கான புதிய சாசனத்தை எழுதியபோது இதை மாற்றினார்கள். பாதிக்கப்பட்டவரின் சொந்த நலன் தொடப்படும் இடத்தில் அவருடைய எண்ணங்களையும் கவலைகளையும் நீதிமன்றம் கேட்க வேண்டும், அதே சமயம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உரிமைகளுக்கும் நியாயமான விசாரணைக்கும் குந்தகம் வரக்கூடாது என்கிறது 68-வது பிரிவின் மூன்றாம் பத்தி. 2002 ஜூலையில் சாசனம் நடைமுறைக்கு வந்தது முதல் வக்கீல்கள் சண்டை போட்டுவருவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் நீள அகலத்தைப் பற்றித்தான்.

அந்த வக்கீல் தொடக்க உரையும் முடிவுரையும் ஆற்றலாம். நீதிபதிகளின் அனுமதியோடு சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், பி.பி.யின் வாய் வழியாக அல்ல, தன் வாயாலேயே. அனுமதி கிடைத்தால் தன் கட்சிக்காரர்களையே சாட்சியாக அழைக்கலாம், ஆவணம் தாக்கல் செய்யலாம். குற்றச்சாட்டை மட்டும் அவர் எழுத முடியாது. எதிரி விடுதலையானால் மேல்முறையீடும் செய்ய முடியாது. அது அரசுத் தரப்புக்கும் தண்டனை பெற்றவருக்கும் மட்டுமே உள்ள உரிமை. இழப்பீட்டு உத்தரவை எதிர்த்து மட்டும் பாதிக்கப்பட்டவர் தரப்பு போகலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் ஹேக்கைவிடத் தாராளம். பழைய 372-ன் வரம்புரையைப் பிடித்துக்கொண்டு, விடுதலைத் தீர்ப்புக்கு எதிராக உங்கள் கட்சிக்காரர் பி.பி.யைக் கேட்காமலே மேலே போகலாம் அல்லவா?

குற்றச்சாட்டை எழுத முடியாது என்பது சின்ன விஷயமில்லை. காங்கோவின் இதுரி பகுதியில் 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களைப் படையில் சேர்த்த தோமா லுபாங்காவின் வழக்குதான் அந்த நீதிமன்றத்தின் முதல் விசாரணை; 2009 ஜனவரியில் தொடங்கியது. பங்கேற்ற பாதிக்கப்பட்டவர்கள் 129 பேர். முகாம்களில் சிறுமிகளுக்கு என்ன நடந்தது என்று சாட்சிகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் இருந்தது ஆள் சேர்ப்பும் போரில் பயன்படுத்தியதும் மட்டும். பாலியல் வன்முறை பற்றி ஒரு வரி கூட இல்லை. அதே வருடம் மே மாதம் பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல்கள் எழுந்து, கேட்ட சாட்சியத்துக்கு ஏற்றபடி குற்றத்தின் சட்டப் பெயரை மாற்றுங்கள் என்று மனு போட்டார்கள். ஜூலையில் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அதைத் தள்ளிவிட்டது. 2012-ல் லுபாங்கா குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோது அந்தச் சிறுமிகளுக்கு நடந்தது அதில் குற்றமாக ஏறவில்லை.

தோற்ற மனுதான். ஆனால் அதே படையின் தளபதி போஸ்கோ என்டகாண்டாவின் வழக்கில், தன் படையிலிருந்த சிறுமிகளை வல்லுறவு செய்ததும் பாலியல் அடிமைகளாக வைத்ததும் குற்றச்சாட்டில் ஏறின. 2019-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. முந்தைய மனு இதற்கு எவ்வளவு உதவியது என்று அளக்க முடியாது. நான் பி.பி.யாக இருந்தவன் என்பதால் இதை மட்டும் சொல்வேன்: எதை விட்டுவிட்டோம் என்று திறந்த நீதிமன்றத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் பி.பி.க்கு அது உறைக்கும். சட்டைப்பைச் சீட்டு உறைக்காது.

அதே லுபாங்கா வழக்கில் கசப்பான பாடமும் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் என்று மூன்று பேரை அவர்களுடைய வக்கீல்களே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். விசாரணையில் அவர்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இருவர் வேறு ஆட்களின் அடையாளத்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கலாம், அதற்குத் தூண்டியது மூன்றாமவராக இருக்கலாம் என்று நீதிபதிகள் முடிவுக்கு வந்து, மூவரின் பங்கேற்பு உரிமையையும் பறித்தார்கள். கட்சிக்காரர் சொல்வதை அப்படியே வாங்கி மனுவில் இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உள்ளூரில் அது ஒரு வழக்கைக் கெடுக்கும். அங்கே மீதி நூற்றுச் சொச்சம் பேர் மீதும் சந்தேக நிழல் விழும்.

ஆகவே முதல் வேலை காகிதம். ஒருவர் பங்கேற்க வேண்டுமென்றால் விண்ணப்பம் நிரப்ப வேண்டும்: தான் யார், என்ன இழப்பு, அது குற்றச்சாட்டில் சொல்லியுள்ள காலத்திலும் இடத்திலும் நடந்ததா, அந்தக் குற்றத்தால் வந்ததுதானா. சுலபமாகத் தெரிகிறது, இல்லையா? பிறப்புச் சான்றிதழே இல்லாத ஊரில், எரிந்துபோன வீட்டிலிருந்து ஓடியவரிடம் 'நீங்கள் யார்' என்பதற்கு ஆதாரம் கேட்டால் எங்கே போவார்? காங்கோ வழக்குகளில் வாக்காளர் அட்டை, பள்ளி அட்டை, உள்ளூர் அதிகாரியின் கடிதம், கடைசியில் நம்பகமான இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வரைக்கும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். வி.ஏ.ஓ. சான்றிதழுக்கு அலைந்த அனுபவம் உள்ளவருக்கு இது புது உலகம் இல்லை.

காகிதம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவைப் பாருங்கள். அது ஹேக் நீதிமன்றம் இல்லை, ஐ.நா. உதவியோடு நோம் பென்னில் நடந்த தனி நீதிமன்றம். பிரெஞ்சு முறையில் பாதிக்கப்பட்டவர்கள் 'சிவில் தரப்பு' என்ற பெயரில் வழக்கில் ஒரு கட்சியாகவே சேரலாம். கெமர் ரூஜ் ஆட்சியில் எஸ்-21 சிறையை நடத்திய டுச் மீதான முதல் வழக்கில் 90 பேர் கடைசி வரை இருந்தார்கள். பெரும்பாலும் அண்ணனையும் அப்பாவையும் அந்தச் சிறையில் பறிகொடுத்ததாகச் சொன்னவர்கள். சிலர் கூண்டில் ஏறிச் சாட்சியமும் சொன்னார்கள். 2010 ஜூலை 26 அன்று தீர்ப்பு வாசிக்கும்போதுதான், இவர்களில் 24 பேரின் உறவோ இழப்போ போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை, இவர்கள் சிவில் தரப்பே இல்லை என்று தெரிந்தது. விசாரணை முழுக்க உட்கார வைத்துவிட்டுக் கடைசி நாளில்! மேல்முறையீட்டில் பத்துப் பேர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். மீதிப் பேரிடம் அவர்களுடைய வக்கீல்கள் அன்று மாலை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? பணம் அந்த நீதிமன்றத்தில் கிடையவே கிடையாது. கூட்டாகவும் அடையாளமாகவும் மட்டும். நினைவு மண்டபம், மருத்துவ வசதி என்று கேட்டார்கள். கிடைத்தது, தீர்ப்பில் பெயர் பதிவாகும் என்பதும் விசாரணையின்போது டுச் கேட்ட மன்னிப்பு வாக்கியங்களைத் தொகுத்து வெளியிடுவார்கள் என்பதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு வக்கீலா? ஆமாம், 'பொதுப் பிரதிநிதி' என்று வைப்பார்கள். வடக்கு உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் வழக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். இரண்டு வக்கீல் குழுக்கள். ஒன்று, பெரும்பாலோர் தாங்களே தேர்ந்தெடுத்த வெளி வக்கீல்கள். இன்னொன்று, நீதிமன்றத்துக்குள்ளேயே 2005 முதல் இயங்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கான பொது வக்கீல் அலுவலகம். தாங்களே வக்கீலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சட்ட உதவிப் பணம் கிடையாது என்று முதலில் நீதிபதி சொல்லிவிட்டார். அப்புறம்தான் கிடைத்தது. வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விதியில் இருக்கிறது, ஆனால் பணப்பை இருக்கும் இடத்தில்தான் உண்மையான உரிமையும் இருக்கிறது. இதில் எனக்கு அந்த நீதிமன்றத்தின் மீது வருத்தம் உண்டு.

ஓங்வெனே சுமார் ஒன்பது வயதில் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டவர். வளர்ந்து தளபதியாகி, பஜூலே, ஒடெக், லுகோடி, அபோக் என்ற உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களின் நான்கு முகாம்கள் மீதான தாக்குதல்கள் உட்பட 61 குற்றங்களில் 2021-ல் தண்டிக்கப்பட்டார். தண்டனை விதிக்கும் கட்டத்தில், அச்சோலி மக்களின் 'மாட்டோ ஊப்புட்' என்ற சமரசச் சடங்கைத் தற்காப்புத் தரப்பு முன்வைத்தது, நீதிபதிகள் ஏற்கவில்லை. இப்போது நீங்கள் அந்தப் பொதுப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்காரர்களில் மன்னிக்கலாம் என்பவரும் இருக்கலாம், வெளியே விடவே கூடாது என்பவரும் இருக்கலாம். அச்சோலி பேசுபவர் உண்டு, லாங்கோ பேசுபவர் உண்டு. யாருடைய குரலை எடுத்துக்கொண்டு எழுவீர்கள்? ஹேக்கில் உட்கார்ந்து இதற்குப் பதில் கிடைக்காது. ஊர் ஊராகப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, பெண்களைத் தனியாகவும் வயதானவர்களைத் தனியாகவும் கேட்டு, பிறகு நீதிமன்றத்தில் 'இவர்களில் பெரும்பாலோர் இப்படி, ஆனால் சிலர் அப்படி' என்று இரண்டையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே குரல் என்று பேசும் வக்கீலை நான் நம்பமாட்டேன்.

ஒன்று சேரவே முடியாத குரல்களும் உண்டு. என்டகாண்டா வழக்கில் படையில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்கள். அந்தப் படை எரித்த ஊர்களின் மக்கள் இன்னொரு பக்கம் பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு அந்தச் சிறுவர்கள்தான் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள். பெரும்பாலும் இனமும் வேறு: சிறுவர்கள் ஹேமா, ஊர் மக்கள் லெண்டு. ஆகவே இரண்டு குழுவுக்கும் தனித்தனி வக்கீல் வைத்தார்கள். நலன்கள் முட்டினால் பிரிக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரே கலவர வழக்கில் இரண்டு தெருக்காரர்களுக்கும் ஒரே வக்காலத்து வாங்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தி அங்கே செல்லாது.

அப்புறம் தோல்வியைச் சொல்லும் வேலை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் நடந்த கொலை, வல்லுறவு, கொள்ளைக்காக காங்கோவின் படைத் தலைவர் ழான்-பியர் பெம்பா 2016-ல் தண்டிக்கப்பட்டார். பங்கேற்றவர்கள் 5,229 பேர். அவர்களுடைய வக்கீல்கள் இருவரில் ஒருவர் விசாரணை நடக்கும்போதே இறந்துபோக, தலைநகர் பங்கியின் வக்கீல் மரி-எடித் டூசிமா மொத்தப் பேரையும் சுமந்தார். 2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் பெம்பா விடுதலை. குற்றவாளி இல்லையென்றால் இழப்பீட்டு உத்தரவும் இல்லை. சாசனத்தின் கீழ் உள்ள அறக்கட்டளை நிதி தன் தனி உதவித் திட்டத்தின் மூலம் அந்த மக்களுக்கு ஏதாவது செய்யலாம் என்பதுதான் மிச்சம். மேல்முறையீட்டு உரிமை இல்லாத அந்த வக்கீலுக்கு, போய்ச் செய்தி சொல்வதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

ஜெயித்தாலும் உடனே கை நிறைவதில்லை. ஓங்வென் வழக்கில் 2024 பிப்ரவரியில் வந்த இழப்பீட்டு உத்தரவு சுமார் 5 கோடியே 24 லட்சம் யூரோ. அதில் ஆளுக்கு 750 யூரோ அடையாளத் தொகை. தகுதியுள்ளவர்கள் ஏறத்தாழ 49,772 பேர் என்று நீதிமன்றம் கணக்கிட்டது. ஓங்வெனிடம் பணம் இல்லை. அறக்கட்டளை நிதி பெரிதும் நாடுகள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் ஓடுவது. அவ்வளவு தொகை அதனிடம் அடுக்கி வைத்திருக்கவில்லை. கட்சிக்காரரிடம் தொடக்கத்திலேயே இதைச் சொல்லாமல் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவது பாவம். என்னிடம் ஒரு அம்மா, எதிரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்த மறுநாள் வந்து, "ஜெயிச்சாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க சார், எனக்கு என்ன ஜெயிச்சுது?" என்று கேட்டார். அவருக்கு நான் முன்னாலேயே எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பீஸ் விஷயம் சுருக்கம். வசதியில்லாத பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றத்தின் சட்ட உதவி நிதியே வக்கீலுக்கும் அவருடைய குழுவுக்கும் கொடுக்கிறது. பொது அலுவலகத்து வக்கீல்கள் என்றால் நீதிமன்றச் சம்பளக்காரர்கள், ஆனால் வழக்கு நடத்துவதில் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. விபத்து வழக்கில் நம்மூரில் காதோடு பேசும் சதவீதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். குழுவில் நான் மிகவும் மதிப்பது களப் பணியாளரை. அந்த ஊர்க்காரர், அந்த மொழிக்காரர், யாருடைய கைபேசி எண் மாறிவிட்டது என்று தெரிந்தவர். நம் ஆபீசில் குமாஸ்தா போல. அவர் இல்லாவிட்டால் சீனியர் வக்கீலுக்கு நாலாயிரம் பேர் வெறும் எண்கள்தான்.

நீங்கள் போகலாமா? இந்தியா ரோம் சாசனத்தில் சேரவில்லை. ஆனால் வக்கீல் பட்டியலில் சேர நாடு ஒரு தடை இல்லை. குற்றவியல் நடைமுறையில் பத்து வருட அனுபவம், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் நல்ல புலமை, ஒழுங்கு நடவடிக்கைக் கறை இல்லாமை, இவ்வளவுதான் அடிப்படை. உதவி வக்கீல் இடத்துக்கு ஐந்து வருட அனுபவம் போதும். பட்டியலில் பெயர் வந்தாலே வழக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெயர் ஏறி வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. காங்கோ, மாலி, மத்திய ஆப்பிரிக்கா என்று பல வழக்குகள் பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்து வருவதால், பிரெஞ்சு தெரிந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். இன்றே ஒரு வகுப்பில் சேருங்கள். அனுபவமுள்ள வக்கீல்கள் சில மாதம் வந்து வேலை செய்யவும் அந்த நீதிமன்றம் இடம் தருகிறது. செலவைப் பெரும்பாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், நெதர்லாந்தில் வாடகை நம் ஊர் வாடகை இல்லை.

இலங்கைத் தமிழர்கள் விஷயத்தையும் பலர் இதோடு சேர்த்து என்னிடம் கேட்கிறார்கள். இலங்கையும் ரோம் சாசனத்தில் சேராத நாடு. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அனுப்பினால், அல்லது குற்றத்தின் ஒரு பகுதியாவது உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்தால், அல்லது குற்றம் செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருந்தால், அல்லது அந்த நாடே அதிகாரத்தை ஏற்றுக்கொண்டால் மட்டுமே ஹேக்குக்கு அதிகாரம் வரும். மியான்மரும் உறுப்பு நாடு இல்லை. ரோஹிங்கியாக்கள் உறுப்பு நாடான வங்கதேசத்துக்குள் துரத்தப்பட்டதால் 2019-ல் விசாரணைக்கு வழி பிறந்தது. அந்த வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று யாராவது விண்ணப்பத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. பட்டியலுக்கு விண்ணப்பிக்கும்போது பத்து வருட அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். இந்த வாரமே உட்கார்ந்து உங்கள் வழக்குகளைப் பட்டியல் போடுங்கள்: நீதிமன்றம், வழக்கு எண், வருடம், நீங்கள் செய்த வேலை. வக்காலத்து போட்டவை, 301-ல் மனு போட்டவை, 15ஏ-யில் எழுத்துமூலமாகத் தாக்கல் செய்தவை எல்லாம் நீதிமன்றப் பதிவில் இருக்கும், நகல் வாங்கிவிடலாம். வெறும் துண்டுச் சீட்டோடு முடிந்த வழக்குகளுக்கு மட்டும் ஆதாரம் எதுவும் கிடைக்காது. அடுத்த வாய்தாவிலிருந்து சீட்டை நிறுத்திவிட்டு மனுவாகப் போடுங்கள், பி.பி. முறைத்தால் முறைக்கட்டும்.